கூகுள் தெருவில் ஒரு போர்டு!

சனிக்கிழமை சாயங்காலம் தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குள்ள போயிருப்பீங்கதானே? மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்கி உஸ்மான் ரோடு போய்ச் சேர்ற வரைக்கும் நம்ம கால் நடக்காது, கூட்டம்தான் நம்மளை நடத்திக்கிட்டுப் போகும். அந்த நெரிசல்லயும் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பாருங்க. போர்டு, போர்டுக்கு மேல போர்டு! நிறைய கடையில ஓனர் வெச்ச பேரைவிட 'பட்டு, காட்டன், ரெடிமேட்'தான் பெருசா இருக்கும். ஏன்னா, அந்தக் கூட்டத்துல உங்க கண்ணு ஒரு கடை மேல நிக்கறது ரெண்டே செகண்ட். அதுக்குள்ள நீங்க எதைத் தேடி வந்தீங்களோ அந்த வார்த்தை கண்ணுல பட்டாகணும்.

அப்படியே மயிலாப்பூர் வாங்க. அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸுக்கு யாராவது போர்டைப் பார்த்து நுழையறாங்களா? வழி கேட்டு, சந்து தேடி, வெளியில காத்துக்கிட்டு நின்னு சாப்பிட்டுட்டு வர்றாங்க. பேர் தெரிஞ்சவங்க பேரைச் சொல்லிக் கேட்பாங்க. பேர் தெரியாதவங்க பொருளைச் சொல்லிக் கேட்பாங்க. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த விளையாட்டைத்தான் சாஃப்ட்வேர் கம்பெனிங்க கூகுள்ல ஆடிக்கிட்டு இருக்காங்க. அதுல காய் யாருன்னு கேட்கறீங்களா? பெரும்பாலும் நீங்கதான் பாஸ்!

கூகுள்ல எதையாவது தேடினா நீலக் கலர்ல ஒரு வரி வருமே, நாம கிளிக் பண்றது... அதுக்குப் பேர்தான் டைட்டில். ஒவ்வொரு பக்கத்தோட எச்.டி.எம்.எல். கோடுக்குள்ளயும் 'டைட்டில்'னு ஒரு டேக் இருக்கும். ஃபர்ஸ்ட் இயர் லேப்ல 'ஹலோ வேர்ல்டு' அடிச்சப்போ நீங்களே எழுதியிருப்பீங்க. பிரவுசரோட டேப்ல தெரியறதும் இதேதான். பக்கம் எதைப் பத்தினதுன்னு கூகுள் புரிஞ்சுக்கற வழிகள்ல இதுவும் ஒண்ணு. இதுக்கு இத்தனை எழுத்துதான்னு கூகுள் லிமிட் எதுவும் வைக்கல. ஆனா, ஸ்கிரீன் அகலத்துக்கு மேல போனா கத்தரி போட்டுடும். அதனால 60 எழுத்து வாக்குல முடிச்சுக்கறது இந்தத் தொழில்ல இருக்கறவங்க வழக்கம்.

அந்த 60 எழுத்துக்கு நடக்கிற சண்டை இருக்கே... ரங்கநாதன் தெரு தீபாவளிக் கூட்டம் எல்லாம் சும்மா!

சென்னையில இருந்துக்கிட்டு அமெரிக்காக்காரனுக்கு சாஃப்ட்வேர் விக்கணும்னா என்ன பண்ணணும்? ஒரு காலத்துல கோட், சூட் போட்டு ஃப்ளைட் ஏறி, ஒவ்வொரு ஆபீஸ் கதவா தட்டணும். அதுக்குக் கோடிகள் வேணும். நம்ம ஊர் கம்பெனிங்க கண்டுபிடிச்ச ஷார்ட் கட், கதவைத் தட்டாம வாசல்ல போர்டு வைக்கிறது. டெக்ஸாஸ்ல ஒரு சின்னக் கம்பெனி முதலாளி ராத்திரி உட்கார்ந்து, 'ஃப்ரீ இன்வாய்ஸ் ஜெனரேட்டர்'னு தேடறார்னு வெச்சுக்குங்க. ஜோஹோங்கற பேரையே அவர் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்ல. ஆனா, அதே வார்த்தையைத் தலைப்புல வெச்சு ஜோஹோ ஒரு பக்கம் போட்டிருக்கு. வந்தார், பில் போட்டார், பிடிச்சுப் போச்சு, கடைக்குள்ள நுழைஞ்சுட்டார்!

ஜோஹோ 1996-ல 'அட்வென்ட்நெட்'னு ஆரம்பிச்ச கம்பெனி. 2009-லதான் ஜோஹோ கார்ப்பரேஷன்னு மொத்தமா பேரை மாத்துனாங்க. ஜோஹோன்னு யாரும் தானா டைப் பண்ணித் தேட மாட்டாங்க, ஏன்னா அகராதியிலயே இல்லாத வார்த்தை அது. அதனால பேருக்கு ஒரு வேலை, டைட்டிலுக்கு இன்னொரு வேலைன்னு பிரிச்சுக்கிட்டாங்க.

அங்கே வேலை பார்த்துட்டு வெளியே வந்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல ஆரம்பிச்சது ஃப்ரெஷ்டெஸ்க். 2017-ல ஃப்ரெஷ்வொர்க்ஸ்னு பேர் மாறி, 2021 செப்டம்பர்ல நாஸ்டாக்ல லிஸ்ட் ஆச்சே... அதே கம்பெனிதான். ஆரம்பிச்ச கதையே சுவாரஸ்யம். ஜென்டெஸ்க்ங்கற அமெரிக்கப் போட்டியாளர் விலையை ஏத்தினதுல கஸ்டமர்ஸ் கடுப்பாகியிருக்காங்கன்னு படிச்சப்போதான் கிரிஷுக்கு அந்த ஐடியா ஸ்ட்ராங் ஆனதாம். கடுப்பான கஸ்டமர் அடுத்து என்ன பண்ணுவார்? 'ஜென்டெஸ்க் ஆல்டர்னேட்டிவ்'னு தேடுவார். அந்தத் தலைப்புலயே ஒரு பக்கம்! அடுத்தவன் கடை வாசல்ல நின்னு, 'சார், அங்க விலை ஜாஸ்தி, இங்க வாங்க'ன்னு கூப்பிடற பாண்டி பஜார் டெக்னிக்கேதான். 'சேல்ஸ்ஃபோர்ஸ் ஆல்டர்னேட்டிவ்'னு ஜோஹோ கூப்பிடும். இவங்களைப் பேர் சொல்லி இன்னொருத்தர் கூப்பிடுவார். இந்தத் தொழில்ல இது ரொம்ப சகஜமப்பா.

அப்போ எல்லாரும் தேடற வார்த்தையையே கம்பெனிக்குப் பேரா வெச்சுட்டா? டைட்டிலும் அதுதான், போர்டும் அதுதான், பிராண்டும் அதுதான். ஒரே கல்லுல மூணு மாங்கா! அப்படி ஒரு ஆள் நிஜமாவே வெச்சார். ஆனா, அந்தக் கதை ஹைகோர்ட்டுல போய் நின்னுச்சு.

தமிழ் யாருக்கு, மேட்ரிமோனி யாருக்கு?

முருகவேல் ஜானகிராமன். நம்ம பிரசிடென்சி காலேஜ்ல ஸ்டேட்டிஸ்டிக்ஸ், மெட்ராஸ் யுனிவர்சிட்டியில எம்.சி.ஏ. அமெரிக்காவுல சாஃப்ட்வேர் வேலையில இருந்தப்போ, 1997-ல அங்க இருக்கற தமிழர்களுக்காக ஒரு சைட் ஆரம்பிச்சார். பண்டிகைக் காலண்டர், செய்தின்னு என்னென்னவோ வெச்சிருந்தார். ஆனா, கூட்டம் பூரா போய் மொய்ச்சது வரன் தேடற பகுதியில! அடுத்த சில வருஷத்துல அது பாரத் மேட்ரிமோனியா தனி அவதாரம் எடுத்துச்சு. (சைட் ஓனருக்கும் அதே சைட்லதான் பொண்ணு கிடைச்சுது. இதைவிட பெரிய விளம்பரம் எந்த டைட்டில்லயும் எழுத முடியாது!)

இங்கதான் அவர் புத்திசாலித்தனம். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சைட். தமிழ் மேட்ரிமோனி, தெலுங்கு மேட்ரிமோனி... இப்படி வரிசையா. ஒரு அம்மா தன் பொண்ணுக்கு வரன் தேட உட்கார்ந்தா என்ன டைப் பண்ணுவாங்களோ, அதுவே அட்ரஸ். மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவுல எம்.ஆர்.சி. நகர்ல உயரமா நிக்கிற கட்டடம்தான் பல வருஷமா அந்தக் கம்பெனியோட ஆபீஸ். பட்டினப்பாக்கம் பக்கம் போனவங்க பார்த்திருப்பீங்க.

2009-ல அந்தக் கம்பெனிக்கு 'கான்சிம் இன்ஃபோ'ன்னு பேர். அந்த வருஷம் அவங்க மெட்ராஸ் ஹைகோர்ட்டுல ஒரு கேஸ் போட்டாங்க. யார் மேல? கூகுள் மேலயே! கூடவே ஷாதி, ஜீவன்சாதி, சிம்ப்ளிமேரின்னு போட்டி சைட்களை நடத்துற கம்பெனிங்க மேலயும்.

கம்ப்ளெயின்ட் இதுதான். யாராவது 'தமிழ் மேட்ரிமோனி'ன்னு கூகுள்ல தேடினா ரிசல்ட் வரும், சரி. ஆனா, வலது பக்கம் 'ஸ்பான்ஸர்டு லிங்க்ஸ்'னு அப்போ ஒரு வரிசை வருமே (2016-ல அதை எடுத்துட்டாங்க), அதுல போட்டிக் கம்பெனிகளோட விளம்பரம் வந்து நிக்குது. விளம்பரத்தோட தலைப்புலயும் எங்க பேர்ல இருக்கற வார்த்தைகள். எங்க டிரேட்மார்க்கை கூகுள் காசுக்கு விக்குது, அவங்க வாங்கறாங்கன்னு வாதம்.

கேட்கும்போது நியாயம்தானே? 'எங்க பேர்ல அவங்க எப்படி போர்டு வைக்கலாம்?'

2010 செப்டம்பர் 30-ல இடைக்கால மனுவுல உத்தரவு போட்டவர் ஜஸ்டிஸ் வி.ராமசுப்ரமணியன். மயிலாப்பூர் விவேகானந்தா காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சுட்டு சட்டத்துக்குப் போனவர், பின்னாடி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். அவர் கம்பெனி தரப்புல விஷயமே இல்லைன்னு சொல்லல. ஆனா, இடைக்காலத் தடை கொடுக்கல. காரணம்தான் முக்கியம். 'தமிழ்'ங்கறது ஒரு மொழி, 'மேட்ரிமோனி'ங்கறது கல்யாணம். ரெண்டையும் ஒட்டவெச்சா, செய்யற தொழிலை விவரிக்கிற சாதாரண வார்த்தைகள்தான் அவை. அதை ஒருத்தர் மட்டும் பூட்டி வெச்சுக்கிட்டா, நேர்மையா அதே தொழில் பண்ற மத்தவங்க எந்த வார்த்தையைச் சொல்லி விளம்பரம் பண்ணுவாங்க?

யோசிச்சுப் பாருங்க. எந்த வார்த்தை கூட்டத்தைக் கூட்டிட்டு வந்துச்சோ, அதே வார்த்தைதான் கோர்ட்டுல கையை விட்டுச்சு. எல்லாரும் தேடற பேரை வெச்சா எல்லாரும் வருவாங்க, போட்டியாளர் உட்பட! 'ஜோஹோ'ன்னு ஒரு அர்த்தமில்லாத வார்த்தைக்கு இந்தத் தலைவலி இல்ல. அதே நேரம் அந்த வார்த்தையை உலகத்துக்குப் பழக்கறதுக்கு ஆன வருஷங்களும் கொஞ்சமில்ல.

விஷயம் அதோட முடியல. கம்பெனி 2012-ல போட்டி ஆணையத்துக்குப் போச்சு. மேட்ரிமோனி டாட் காம்னு பேர் மாறி, 2017-ல ஷேர் மார்க்கெட்டுக்கும் வந்தாச்சு. 2018 பிப்ரவரியில தீர்ப்பு. தேடல் முடிவுகள்ல பாரபட்சம் காட்டினதுக்காக கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம்! எம்.ஆர்.சி. நகர்ல வெடி வெடிச்சாங்களான்னு தெரியாது. ஆனா, ஒரு ட்விஸ்ட். அபராதம் வேற விஷயங்களுக்கு. தேடற வார்த்தைக்கு விளம்பரம் விக்கிற பகுதியில கூகுள் தப்பு பண்ணலைன்னுதான் அந்த ஆணையமும் சொல்லிச்சு. அபராதத்தை எதிர்த்து கூகுள் அப்பீலுக்குப் போனது தனிக் கதை.

ஆக, டைட்டில்ல இருக்கற வார்த்தை கடைக்காரரோட வார்த்தைன்னு நினைச்சுக்காதீங்க. அது நீங்க தேடின வார்த்தை. உங்க வாயில இருந்து வந்ததை எடுத்து, போர்டுல எழுதி, உங்களுக்கே காட்டறாங்க. இதை மனசுல வெச்சுக்கிட்டு அடுத்த மேட்டருக்கு வாங்க. இது உங்க பர்ஸ் சம்பந்தப்பட்டது.

அடையார்ல இல்லாத அடையார் பிராஞ்ச்

என் சித்தி பையன் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்ச கையோட, 'ஜாவா கோர்ஸ் இன் அடையார்'னு தேடினான். வீடு இந்திரா நகர்ல, நடந்தே போயிட்டு வரலாம்னு கணக்கு. முதல் பக்கத்துலயே ஒரு டைட்டில். 'நம்பர் 1 ஜாவா ட்ரெய்னிங் இன் அடையார் வித் 100% பிளேஸ்மென்ட்'. பையன் உருகிட்டான். ஃபோன் பண்ணினா, 'இன்னிக்கே வந்தா டிஸ்கவுன்ட் சார்'. சித்தி சீட்டு எடுத்து வெச்சிருந்த பணத்துல 15 ஆயிரம், முதல் தவணை, அன்னிக்கே ஆன்லைன்ல போயிருச்சு.

அடுத்த நாள் அட்ரஸ் வந்துச்சு. அடையார்ல இல்ல. ரெண்டு பஸ் மாறிப் போகணும். நானும் கூடப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேல ரெண்டாவது மாடி, ஒரு ஹால், நடுவுல பிளைவுட் தடுப்பு. "அடையார் பிராஞ்ச்னு போட்டிருந்ததே?"ன்னு கேட்டேன். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு முகத்துல ஒரு சலனமும் இல்லாம சொல்லிச்சு. "அது அடையார் ஸ்டூடன்ட்ஸுக்கான பேஜ் சார்."

வீட்டுக்கு வந்து அந்த சைட்டைக் குடைஞ்சோம். வேளச்சேரிக்கு ஒரு பக்கம், தி.நகருக்கு ஒண்ணு, போரூருக்கு ஒண்ணு, தாம்பரத்துக்கு ஒண்ணு. உள்ளே ஒரே பாரா, ஊர் பேர் மட்டும் மாறும். அடையார் பக்கத்துல நடுவுல ஒரு இடத்துல மாத்த மறந்துட்டாங்க போல. 'வேளச்சேரி ரயில் நிலையத்துக்கு மிக அருகில்'னு இருந்துச்சு. பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியை நாங்க படிச்சிருந்தா...

100% பிளேஸ்மென்ட்? 'பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்'னு அர்த்தமாம். அதாவது, எங்கயாவது வாக்-இன் இருந்தா மெயிலை ஃபார்வர்டு பண்ணுவாங்க. அந்த 15 ஆயிரம் திரும்பி வரலை. சித்தி இன்னும் அதைப் பத்திப் பேச்செடுத்தா சமையல்கட்டுக்குள்ள போயிடறாங்க.

எல்லா இன்ஸ்டிட்யூட்டும் இப்படின்னு சொல்ல வரலை. ஒழுங்கா சொல்லிக் கொடுத்து, நல்ல வேலைக்கு அனுப்பறவங்களும் இதே அடையார்லயும் தி.நகர்லயும் இருக்காங்க. ஆனா, அவங்களும் 'நம்பர் 1'னுதான் போட்டாகணும், இல்லைன்னா நீங்க கிளிக் பண்ண மாட்டீங்க. எல்லாரும் நம்பர் 1 ஆயிட்டா, அந்த '1' எதுக்குமே உதவாதுங்கறதுதான் சோகம்.

ஒரே சரக்கை வெச்சுக்கிட்டு ஊருக்கு ஒரு வாசல் கட்டறதுக்கு கூகுள் வெச்சிருக்கற பேரே 'டோர்வே'. இது அதோட விதிகளுக்கு விரோதம். சின்னக் கம்பெனிங்க மட்டும் பண்ற திருட்டுத்தனம்னு நினைக்காதீங்க. 2006 பிப்ரவரியில பி.எம்.டபிள்யூ.வோட ஜெர்மனி சைட்டையே இந்த மாதிரி வாசல் பக்கங்களுக்காக கூகுள் லிஸ்ட்ல இருந்து தூக்கிருச்சு. சைட்டை சுத்தம் பண்ணின பிறகுதான் திரும்பச் சேர்த்தாங்க. கார் கம்பெனிக்கே அந்தக் கதின்னா பாருங்க!

இன்னொரு பழைய டகால்டி, 'மெட்டா கீவேர்ட்ஸ்'. பக்கத்துல கண்ணுக்குத் தெரியாம நூறு வார்த்தைகளைத் திணிச்சு வைப்பாங்க. இப்பவும் சில கோர்ஸ்ல இதை ரகசியம் மாதிரி சொல்லித் தர்றாங்களாம். ரேங்க் பண்றதுக்கு அதைப் பார்க்கறதே இல்லைன்னு கூகுள் 2009 செப்டம்பர்லயே சொல்லியாச்சு. டைட்டில்ல வார்த்தைகளை அடைச்சு வெச்சாலும் இப்போ பருப்பு வேகறதில்ல. 2021 ஆகஸ்ட்ல இருந்து, நீங்க எழுதின டைட்டில் சரியில்லைன்னு பட்டா, பக்கத்துக்குள்ள இருக்கற பெரிய தலைப்பு மாதிரி வேற வரிகளை எடுத்து கூகுளே மாத்திக் காட்டறது அதிகமாயிருக்கு. போர்டை கார்ப்பரேஷன்காரங்களே வந்து திருத்தி எழுதற மாதிரி!

சரி, நீங்க என்ன பண்ணலாம்? டைட்டிலைப் பார்த்து கிளிக் பண்ணுங்க, தப்பில்ல. ஆனா, அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி ஊர் பேரை மட்டும் மாத்தி இன்னொரு தடவை தேடுங்க. அதே பக்கம் வேற ஊர் பேர்ல வந்தா புரிஞ்சுக்குங்க. மேல 'ஸ்பான்ஸர்டு'ன்னு இருந்தா அது காசு கொடுத்து வாங்கின இடம். நேர்ல போய், போன பேட்ச் ஸ்டூடன்ட்ஸ் ரெண்டு பேர்கிட்டயாவது பேசுங்க. கோச்சிங் சென்டர்கள் வேலை கியாரன்டி, செலக்‌ஷன் கணக்குன்னு பொய்யா விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர்ல தனியா வழிகாட்டு நெறிகளே கொண்டுவந்திருக்கு. அந்த டைட்டில் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க. ஏமாந்துட்டா 1915-க்கு ஃபோன் போடலாம், தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். எங்களுக்கு அப்போ ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தோணலை. கேள்வி கேட்ட ரெண்டாவது வாரம் அடையார் பக்கத்துல இருந்து '100%' காணாமப் போயிருந்துச்சு.

சித்தி பையன் கதைக்கு வர்றேன். அவன் அப்புறம் தானே உட்கார்ந்து ஜாவா கத்துக்கிட்டான். ப்ராஜெக்ட்டா, தி.நகர்ல இருந்து மயிலாப்பூருக்கு எந்தெந்த நேரம் பஸ்னு காட்டற ஒரு சின்ன சைட் பண்ணினான். இன்டர்வியூவுக்கு லிங்க் அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டினான். பிரவுசர் டேப்ல என்ன இருந்துச்சு தெரியுமா? 'அன்டைட்டில்டு டாக்குமென்ட்'! சிரிக்காதீங்க, உங்க ரெஸ்யூமை பி.டி.எஃப். ஆக்கி பிரவுசர்ல திறந்து பாருங்க. டேப்ல 'மைக்ரோசாஃப்ட் வேர்ட் - ரெஸ்யூம் ஃபைனல் 2'ன்னு இருக்கப் போவுது!

"டைட்டில் மாத்துடா"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு டைப் பண்ணினான். 'பெஸ்ட் ஜாவா டெவலப்பர் இன் சென்னை'.

"டேய்!"

"சும்மா பார்த்தேன்ணா"ன்னு அசடு வழிஞ்சுட்டு அழிச்சான். கடைசியில 'தி.நகர் - மயிலாப்பூர் பஸ் டைமிங்'னு போட்டு, ஒரு கோடு கிழிச்சு, பக்கத்துல அவன் பேர். எண்ணிப் பார்த்தோம், 60 எழுத்துக்குள்ள அடங்கிருச்சு.

போன வாரம் தேடிப் பார்த்தேன். மூணாவது பக்கத்துல வருது. முதல் பக்கத்துல மேல ரெண்டு இடம் 'ஸ்பான்ஸர்டு'. ரெண்டுமே கால் டாக்ஸி.